மூன்று எழுத்துக்கு விட்ட இடம்

தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும் சத்தம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. செம்பூரில் நான் இருக்கும் இந்த இரண்டு அறை வீட்டில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்குகிறது. மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுத்தனுப்புவது. கோவண்டியிலிருந்து வேலைக்கு வரும் திருநெல்வேலிப் பெண்ணுக்கு அதைக் கண்டால் கை சும்மா இருக்காது. துடைப்பத்தை எடுப்பதற்கு முன்பே, "நேத்துத் தாளு இன்னும் தொங்குதே பாட்டி, நாளு ஓட வேண்டாமா?" என்று கையை நீட்டுவாள். "கையை எடு" என்று நான் கத்துவேன். பழைய தாளைக்கூடச் சேர்த்து வைக்கும் கஞ்சக் கிழவி என்று நாலு வீட்டில் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தத் தாளைச் சாயங்காலம் விளக்கு வைக்கும்போது நான்தான் கிழிப்பேன். கிழிப்பதற்கு முன் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அது மன்னி விட்டுவிட்டுப் போன வேலை.

மன்னி என்றால் என் அண்ணாவின் மனைவி. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மாதுங்காவுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினேழு. இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அம்மா, அண்ணா, மன்னி, நான் என்று ஐந்தே பேர். மன்னிக்குப் பாட்டுக் கட்டும் பழக்கம் இருந்தது. கச்சேரி, மேடை என்று ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் கற்றுக்கொண்ட சங்கீதத்தை வைத்துக்கொண்டு கண்ணில் படுவதையெல்லாம் பாட்டாக்குவாள். குளியலறைக் குழாய் ஒழுகினால் அதன் மேல் ஒரு பாட்டு. பால்காரன் பாலில் தண்ணீர் கலந்தால் அதன் மேல் ஒன்று. மேல்மாடி மாமாவின் குறட்டைக்கு அவள் அடாணா ராகத்தில் ஒரு பாட்டுப் போட்டாள். அதைக் கேட்டு அண்ணா தரையில் உருண்டு சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வீட்டில் யாராவது அப்படிச் சிரித்தது அதற்குப் பிறகு நினைவில்லை.

நாற்பத்தொன்றில் அண்ணா பட்டாளத்தின் சப்ளை டிப்போ ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சிங்கப்பூருக்குக் கிளம்பினான். சம்பளம் இரட்டை, சண்டை போட வேண்டியதில்லை, பேனாதான் துப்பாக்கி என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினான். கிளம்புகிற அன்று ஒரு தினசரிக் காலண்டரை வாங்கிவந்து கூடத்தில் ஆணியடித்து மாட்டினான். மன்னியைப் பார்த்து, "தினம் ஒண்ணு கட்டி வை. கிழிக்கற தாளுக்குப் பின்பக்கம் எழுதினாக் காகிதமும் மிச்சம். நான் வந்து மொத்தமா உக்காந்து கேக்கறேன்" என்றான். புதிதாகக் கல்யாணமானவர்கள் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு விளையாடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி விளையாட்டாகத்தான் அது ஆரம்பித்தது. மன்னியும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். காலையில் இட்லிக்கு அரைக்கும்போது முதல் வரி வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை மெல்லுவாள். கொடியில் துணி உலர்த்தும்போது இரண்டாவது வரி. சில நாள் குளித்துவிட்டு வருவதற்குள் முழுப் பாட்டும் தயார். சில நாள் நாலு மணிக்கும் ஒன்றும் ஆகாமல் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடப்பாள். தாளின் பின்பக்கம் உச்சியில் ராகத்தின் பெயர், கீழே பென்சிலில் வரிகள், வரிகளுக்கு மேல் பொடிப் பொடியாக ஸ்வரம். முடிந்த தாள்களை நூலால் கட்டி ஒரு பிஸ்கோத்து டின்னில் போடுவாள். "இன்னிக்குப் பாட்டு சுமார்தான் மன்னி" என்று நான் சீண்டினால், "நன்னா இருக்கணும்னு இல்லைடி, முடிஞ்சிருக்கணும்" என்பாள். தினமும் ஒன்று செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல புத்தி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் மாசி மாதம் சிங்கப்பூர் விழுந்தது. அப்பா பேப்பரை நின்றுகொண்டே படித்தார். படித்த பிறகும் உட்காரவில்லை. அம்மா உலையில் அரிசி போடாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் மன்னி பாட்டை முடித்தாள். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுத் தாளைக் கிழித்து, வழக்கம்போல ஒரு தடவை பாடிப் பார்த்தாள். கடைசி வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் விரல் மட்டும் தொடையில் மூன்று முறை தட்டியது. பிறகு மறுபடி பாட்டு வந்து முடிந்தது. தாளைப் பார்த்தால் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்திருந்தாள். பாட்டுக் கட்டுகிறவர்கள் கடைசி வரியில் தங்கள் முத்திரையாக ஒரு பெயரை வைப்பது வழக்கம். மன்னி வைக்க நினைத்த பெயர் எங்கள் அண்ணாவின் பெயர். மூன்று எழுத்து. அதைத்தான் அவள் வாயால் சொல்லக் கூடாதே! அண்ணா ஊரில் இருந்தபோதுகூட யாராவது கேட்டால் என்னை இடித்து, "நீ சொல்லுடி" என்பாளே தவிர அவள் சொல்லமாட்டாள், எழுதவும் மாட்டாள். அதனால் இடத்தை மட்டும் விட்டாள். அன்று முதல் எல்லாப் பாட்டிலும் அந்த இடம் வந்தது. பாட்டு போய்க்கொண்டே இருந்து சட்டென்று நிற்கும், மூன்று தட்டு, பிறகு தொடரும். அந்த மூன்று தட்டு நேரத்தில் நான் என்னை அறியாமல் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அவள் வாய்விட்டு ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பாட்டு ஒரு நாளும் தவறாத வரை அண்ணா எங்கோ உயிரோடு இருக்கிறான் என்பதுதான் அது. யாரும் இதைச் சொன்னதில்லை, சொல்லாததாலேயே யாராலும் மறுக்கவும் முடியவில்லை. ஆரம்பத்தில் அப்பா, "மனுஷன் உயிர் காலண்டர்லயா தொங்கறது?" என்று ஒரு தடவை எரிந்து விழுந்தார். அதே அப்பா அந்த டிசம்பரில் காகிதத் தட்டுப்பாட்டில் தினசரிக் காலண்டர் எங்கேயும் கிடைக்காமல், கோட்டைக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, யாரோ ஒரு குஜராத்தி வியாபாரியிடம் கெஞ்சி ஒன்று வாங்கி வந்தார். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று கடையிலேயே நூறு தாளைப் புரட்டிப் பார்த்தாராம். அம்மா சாயங்காலமானால் திரியைப் போட்டுவிட்டு, "பாட்டு ஆச்சா?" என்று கேட்பாள். ஆச்சு என்று பதில் வந்த பிறகுதான் தீக்குச்சியை உரசுவாள். ஏற்கெனவே குண்டுவீச்சுக்குப் பயந்து ப்ளாக்-அவுட் என்று ஜன்னல் முழுக்கக் கறுப்புக் காகிதம், கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பட்டை. அந்த மங்கலில் தீப்பெட்டியோடு அம்மா காத்துக்கொண்டு நிற்பாள். ஆஹிரி ராகத்தை வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் அம்மா சொல்லிவிட்டாள். அதைப் பாடினால் அன்று சோறு கிடைக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. "ரேஷன்ல வர்றதே கால் வயித்துக்கு, இதுல ஆஹிரி வேறயா" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

மன்னி தன் தம்பி கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. ரயிலில் இரண்டு நாள், பாட்டு அமையுமோ அமையாதோ என்றாள். மலேரியா வந்து பல் கிட்டித்துக்கொண்டு நடுங்கியபோதும் கம்பளிக்குள்ளிருந்து இரண்டு வரி சொல்லி, கோணல் கையெழுத்தில் எழுதிவிட்டுத்தான் கொய்னா மாத்திரையை விழுங்கினாள். நாற்பத்து மூன்றில், ஜப்பான்காரரிடம் பிடிபட்ட கைதிகள் அனுப்பும் அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. சௌக்கியம் என்று இரண்டு வரி, கீழே பென்சிலில் அண்ணாவின் கையெழுத்து. எழுதி எத்தனையோ மாசம் ஆனது. அம்மா அதைக் காலண்டருக்கு முன்னால் வைத்து நமஸ்காரம் செய்தாள். அதற்கு மேல் அந்த வீட்டில் சந்தேகப்பட யாருக்கு உரிமை? நான் துறைமுகத்தை ஒட்டிய கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆங்கிலத்தில் கடிதம் அடிக்கிறவள், எனக்கு இதெல்லாம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வேடிக்கையாக, "இப்ப கிழிச்சா என்ன ஆயிடும்?" என்று மத்தியானமே தாளில் கை வைத்தேன். மன்னி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது. குழாய்க்கும் பால்காரனுக்கும் பாட்டுக் கட்டிய பெண்ணின் கை அது என்று என்னால் நம்ப முடியவில்லை.

நாற்பத்து நாலு, சித்திரை விஷு முடிந்த கையோடு மன்னிக்கு மறுபடி காய்ச்சல். அன்று காலை நான் ஆபீஸ் கிளம்பும்போதே அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். மாலை நாலு மணி சுமாருக்கு நான் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது தரை ஆடியது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க என் மேஜை மேல் கொட்டியது. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று எல்லோரும் மாடிப்படியில் ஓடினோம். துறைமுகத்தில் கப்பல் வெடித்தது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தடவை. வண்டி எதுவும் கிடைக்கவில்லை. பைகுல்லா, பரேல், தாதர் என்று கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். திரும்பிப் பார்த்த போதெல்லாம் வானத்தில் பாதி புகையாக இருந்தது. காற்றில் எரிந்த பஞ்சு பறந்து வந்து புடவையில் ஒட்டியது. வீட்டில் அப்பா அம்மா பிழைத்திருக்கிறார்களா என்ற ஒரே நினைப்பில்தான் நடந்தேன், காலண்டர் என் ஞாபகத்திலேயே இல்லை.

மாதுங்கா வந்து மாடி ஏறியபோது நன்றாக இருட்டிவிட்டது. கட்டடத்தில் எல்லோரும் கீழே தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் சத்தமே இல்லை, விளக்கும் இல்லை. கூடத்தில் அம்மா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காலண்டருக்கு முன்னால் நின்றாள். என் புடவையைப் பார்க்கவில்லை, நான் எப்படி வந்தேன் என்று கேட்கவில்லை. "பாட்டு ஆகலைடீ" என்றாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மன்னி கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கட்டிலுக்கு வெளியே தொங்கிய கை கட்டில் சட்டத்தில் மூன்று முறை தட்டியது. சற்று நின்றது. மறுபடி மூன்று. பாட்டு இல்லை, வார்த்தை இல்லை, அந்தத் தட்டு மட்டும். அன்றைக்குக் கேட்ட வெடிச் சத்தத்தைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் அவள் கையைப் பிடித்தேன். கண்ணைப் பாதி திறந்து, "கிழிச்சாச்சா?" என்றாள்.

"ஆச்சு மன்னி. நீங்கதான் பாடினேளே, நான் எழுதிண்டேன்" என்றேன். அவள் முகம் அப்படியே தளர்ந்தது. மறுபடி நினைவு போய்விட்டது.

பொய் சொல்லியாகிவிட்டது, இனி அதை உண்மையாக்க வேண்டும். அம்மாவிடமும், "மத்தியானம் ஜுரத்துல பாடியிருப்பா, இப்பவும் வாய்க்குள்ள சொல்லிண்டுதான் இருக்கா, நான் எழுதிடறேன்" என்றேன். அம்மாவுக்கு நம்ப வேண்டியிருந்தது, நம்பினாள். தாளைக் கிழித்து அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பென்சிலால், அவள் கையெழுத்து மாதிரியே எழுதினேன். எனக்கு ராகமும் தெரியாது, ஸ்வரமும் தெரியாது. உச்சியில் ராகத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டேன். கடலில் புகை எழுந்தது, கதவெல்லாம் நடுங்கிற்று. விளக்கு இன்னும் வைக்கவில்லை, வீடு உன்னைத் தேடுகிறது என்று ஏதோ எழுதினேன். கடைசி வரி, எங்கே இருந்தாலும் திரும்பிப் பார் என்று வந்தது. அதற்கப்புறம் அந்த இடம். மூன்று புள்ளி வைக்கப் பென்சிலை ஊன்றினேன். என்னால் முடியவில்லை. நானும் அவன் பெயரை எழுதி, சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் எனக்கு அண்ணா. சைக்கிள் பாரில் உட்கார வைத்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். ஊரே எரிகிற அன்று அவனை மூன்று புள்ளியால் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. பெயரை எழுதிவிட்டேன், அழுத்தி எழுதினேன். அம்மா விளக்கை ஏற்றினாள்.

மறுநாள் விடியற்காலையில் மன்னிக்கு வியர்த்து ஜுரம் இறங்கியது. அன்றைய பாட்டை அவளே கட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்துத் தாள்களை எடுத்து வரிசையாகப் பாடிப் பார்ப்பது அவள் வழக்கம். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் கதவருகே நின்று தலை வாரிக்கொள்வது போலப் பாவனை செய்தேன். என் தாள் வந்தது. ராகம் இல்லாத உச்சியைப் பார்த்தாள். கீழே கண் ஓடியது. கடைசி வரிக்கு வந்ததும் அவள் விரல் தாளின் மேல் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கையிலிருந்த சீப்பு நழுவி விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தத் தாளைப் பாடாமல் அடியில் வைத்து, அடுத்ததை எடுத்துப் பாட ஆரம்பித்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. பாட்டும் நிற்கவில்லை, தினம் ஒன்று, இம்மி பிசகாமல். ஆனால் ஒன்று மாறிவிட்டது. அதுவரை தபால்காரர் வரும் பதினொரு மணிக்கு மன்னி கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போவாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போகவில்லை. லீவு நாட்களில் நான் கவனித்தேன். மணி பதினொன்று அடிக்கும், கீழே தபால்காரர் மராட்டியில் யாரோடோ பேசும் சத்தம் கேட்கும், மன்னி கீரை ஆய்ந்துகொண்டே இருப்பாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஒரு நாள் தவறிவிட்டது என்று. நான் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். அவள் ஏன் இன்னும் பாட்டுக் கட்டுகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. யாருக்காக? சாயங்காலம் அந்த மூன்று தட்டு வரும்போது இப்போதெல்லாம் நான் வாசலைப் பார்ப்பதில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் தைரியமில்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. சண்டை முடிந்தது, ஜன்னலில் இருந்த கறுப்புக் காகிதத்தை அப்பா கிழித்து எறிந்தார். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் வீட்டில் சாயங்கால வெளிச்சம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் நான் லீவில் இருந்த ஒரு நாள் தபால்காரர் மாடி ஏறி வந்தார். "தார் நஹீ மாமி, ரஜிஸ்டர் ஹை" என்று அம்மாவிடம் சொன்னார். தந்தி இல்லை, ரிஜிஸ்டர் தபால்தான் என்று சமாதானமாகச் சொன்னார் பாவம். சர்க்கார் கடிதம், டைப் அடித்தது. அப்பா அதை என்னிடம் நீட்டினார், நான்தான் படித்தேன். கைதிகள் முகாமில் நோயினால் இறந்தார் என்று தெரிகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலின் முற்பகுதியில். சரியான தேதியைக் கண்டறிய இயலவில்லை. ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னேன். தேதி பற்றிய வரியையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அம்மா அழவில்லை. திகைத்துப்போய்க் காலண்டரைப் பார்த்தாள். "ஒரு நாள்கூடத் தப்பலையேடி! பின்ன எப்படி?" என்றாள். என்னைப் பார்த்தும் கேட்டாள், மன்னியைப் பார்த்தும் கேட்டாள். நியாயம் கேட்கிற குரல். மன்னி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"தப்பலை அம்மா. ஒரு நாள்கூடத் தப்பலை" என்றாள்.

அன்று மத்தியானம் வந்தவர்கள் எல்லாம் கூடத்தில் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மன்னி சமையலறை மூலையில் தனியாக இருந்தாள். நான் போய் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். வெடிச் சத்தம், இருட்டு வீடு, பொய், பென்சில், எல்லாம். அவள் நடுவில் நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு, "தெரியும்டி, எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"அப்ப என்னால்தானே மன்னி?"

"அசடு மாதிரிப் பேசாதே." குரல் கனிவாக இல்லை. வெறுமையாக இருந்தது. "தினம் ஒண்ணுன்னு அத்தனை பாட்டுக் கட்டினேன். ஒண்ணுலயாவது அவரைக் கூப்பிட்டேனா? மேல்விலாசம் எழுதாத கடுதாசி மாதிரி. அது எங்க போய்ச் சேரும்? அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது நீ ஒருத்திதான். அந்த ஒரு நாள்தான். அது போயிருக்கும்னு நினைச்சேன். கேட்டிருந்தா, அந்த நிமிஷமே திரும்பிப் பார்த்திருப்பார். பால்கனில போய் நிக்கப் பயந்துண்டு உள்ளேர்ந்தே ஆறு மாசம் பார்த்தேன், ஒண்ணும் வரலை. அப்பறம் அவர் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"பின்ன ஏன் மன்னி பாட்டை நிறுத்தலை?"

"அம்மா விளக்கு வைக்கணுமே" என்றாள்.

நான் இத்தனை நாள் பயந்தது வேறு, அவள் சுமந்தது வேறு. தவறவிட்ட ஒரு நாளுக்காக அவள் என்னைக் குற்றவாளியாக்கியிருக்கிறாள் என்று நான் ஒன்றரை வருஷம் ஒளிந்து திரிந்தேன். அவளோ தவறாமல் கட்டிய மற்ற எல்லா நாட்களுக்காகவும் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அழுதது போறும், எழுந்திரு. இன்னிக்குப் பாட்டு இன்னும் ஆகலை" என்றாள்.

சாயங்காலம் வந்தவர்கள் கலைந்த பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில் காலண்டருக்கு முன்னால் நின்றாள். தாளைக் கிழித்தாள். அதில் என்ன எழுதினாள் என்று சொல்லப் போவதில்லை, அது அவர்கள் இரண்டு பேருக்கும் உரியது. மெல்லப் பாடினாள். கடைசி வரியில் அந்த இடம் வந்தது. குரல் நின்றது. தொடையில் விரல் தட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி. உனக்குத்தான் தடை இல்லையே" என்றாள். நான் சொன்னேன். மூன்று எழுத்து. அம்மா பூஜை அறை வாசலில் தீப்பெட்டியோடு நின்றிருந்தாள். பெயரைக் கேட்டதும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுதான் அம்மா அன்று முதலில் அழுதது. பெயர் காதில் விழுந்த பிறகுதான் எங்களுக்கு அவன் செத்தான்.

அதற்குப் பிறகு மன்னி பாட்டுக் கட்டவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் இருவரும் செம்பூருக்கு வந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு அண்ணாவையோ மன்னியையோ காரணம் சொல்ல மாட்டேன், யாரும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மன்னி வேலை செய்துகொண்டே வார்த்தையில்லாமல் ஏதோ ஒன்றை முனகிக்கொண்டிருப்பாள். கேட்டால், "ஒண்ணுமில்லை" என்பாள். போன ஐப்பசியில் அவள் போனாள். காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் பிஸ்கோத்து டின்னைத் திறந்தேன். நூல் இற்றுப் போயிருந்தது. கட்டுகளின் மேல் தனியாக ஒரு தாள், என் பென்சில் எழுத்து. அதன் உச்சியில், நான் வெறுமையாக விட்ட இடத்தில், ஆஹிரி என்று எழுதியிருந்தது. வரிகளுக்கு மேலே பொடிப் பொடியாக ஸ்வரம். பென்சில் இல்லை, பால்பாயிண்ட் பேனா. அந்தப் பேனாவெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது செம்பூருக்கு வந்த பிறகுதான். அப்படியானால் எத்தனையோ வருஷம் கழித்து, தடை போட அம்மா இல்லாத வீட்டில், என் கோணல் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவள் முடித்திருக்கிறாள். நான் அழுத்தி எழுதிய பெயரை அடிக்கவில்லை. அதன் மேல் மட்டும் ஸ்வரம் இல்லை. மூன்று புள்ளி.

கடிதத்தில் தேதி இல்லை. அண்ணா போனது என் பாட்டுக்கு முந்தியா, பிந்தியா, அதே சாயங்காலமா என்று எனக்குத் தெரியாது, தெரியப் போவதும் இல்லை. எண்பதை நெருங்கும் வயதில் இதைப் பற்றி நினைக்காமல் இருக்கும் நாளே கிடையாது. எனக்குப் பாட வராது. சாயங்காலம் காலண்டருக்கு முன்னால் நின்று அந்த வரிகளைப் படிக்கிறேன். புகை, கதவு, விளக்கு, திரும்பிப் பார். அந்த இடம் வந்ததும் பெயரைச் சொல்கிறேன், சத்தமாகவே. இப்போது மன்னியின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்கிறேன். மாடிப்படியில் யாராவது ஏறுகிற சத்தம் கேட்டால் அது நிற்கும் வரை காத்திருக்கிறேன். பிறகு தாளைக் கிழிக்கிறேன்.